பேங்க்: ஒரு குட்டி ஆங்கிலச் சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கப் பழகுகிறவர்களோடு உட்காரும்போதெல்லாம் இந்த நாலெழுத்துச் சொல் எப்படியாவது வந்து நிற்கும். வந்தால் கேள்விகளும் வரும், பெரும்பாலும் அதே கேள்விகள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலையும் போட்டு வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டு போகும்.

பேங்க் என்றால் வங்கிதானே? இதில் குழப்பம் எங்கே இருக்கிறது?

வங்கியும்தான். ஆற்றங்கரையும் பேங்க். கடலுக்கு அடியில் மேடு தட்டியிருந்தால் அதுவும் பேங்க். அடிவானத்தில் சுவர் மாதிரி நிற்கும் மூடுபனி, சுவரில் வரிசையாகப் பதித்த சுவிட்சுகள், அடுத்தடுத்து நிற்கும் லிஃப்டுகள், எல்லாமே பேங்க். வினைச்சொல்லாக வந்தால் இன்னும் பரவும். விமானம் பேங்க் ஆகும், அடுப்பு நெருப்பைப் பேங்க் செய்வார்கள், ஒருவரை நம்பியிருப்பதற்கும் அதே சொல்.

தமிழில் இத்தனைக்கும் தனித்தனிச் சொற்கள் வேண்டும்: கரை, திட்டு, மூட்டம், வரிசை, சாய்தல், வங்கி. ஒரு சொல்லுக்கு ஆறு கதவு. தவறான கதவைத் தட்டினால் வாக்கியமே வேறு வீட்டுக்குள் போய்விடும்.

இது ஒரே சொல்லுக்குப் பல அர்த்தமா, இல்லை ஒரே மாதிரி எழுதும் பல சொற்களா?

நல்ல கேள்வி. தமிழில் ‘கண்’ணை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் இருக்கும் கண், வலைக்கண், தேங்காயின் கண், பாலத்தின் கண். எல்லாம் ஒரே சொல்தான், துளை அல்லது திறப்பு என்ற சாயலில் கிளை விட்டிருக்கிறது. இப்போது ‘பார்’. ‘இங்கே பார்’ என்பதில் வருவது தமிழ் வினை. மதுக்கடையைக் குறிக்கும் பார் ஆங்கிலத்திலிருந்து வந்தது. எழுத்து ஒன்று, ஊர் வேறு.

பேங்க் விஷயத்தில் அகராதிகள் இரண்டாவது வகை என்றே முடிவு கட்டி, சொல்லின் தோளில் 1, 2, 3 என்று குட்டி எண் போட்டு மூன்று தனிச் சொற்களாகப் பிரித்திருக்கும். பொதுவாக, முதலாவது கரை, அடுத்தது பணம், மூன்றாவது வரிசை. அகராதி செய்வது சரிதான், ஏனென்றால் மூன்றும் ஆங்கிலத்துக்குள் வெவ்வேறு வழியாக நுழைந்தவை. ஆனால் நுழைவதற்கு முன்பு அவை எங்கே இருந்தன என்று போய்ப் பார்த்தால் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவது முக்கியமாக இதைத்தான்.

ஆற்றங்கரைக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் காலத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வட்டிக்கு விட்டார்களா?

இல்லை. இந்த ஊகத்தை நான் கேட்காத மாதமே இல்லை. கேட்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். கரையிலிருந்து பணம் பிறக்கவில்லை, பணத்திலிருந்து கரையும் பிறக்கவில்லை. இரண்டுக்கும் பொதுவான பாட்டி ஒருத்தி உண்டு. பழைய ஜெர்மானிய மொழியில் ஏறக்குறைய ‘பாங்க்’ என்று ஒலித்த ஒரு வேர், சற்றே உயர்ந்து மேலே தட்டையாக இருப்பதைக் குறித்தது. மண்ணில் அப்படி இருந்தால் மேடு, மரத்தில் அப்படிச் செய்தால் பெஞ்சு. திண்ணையை நினைத்துக்கொண்டால் போதும். மண்ணுமாக இருக்கும், இருக்கையுமாக இருக்கும்.

மேடு என்ற பொருளை ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்தவர்கள் வைக்கிங்குகள். 9ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் விட்டுச்சென்ற சொற்கள் ஏராளம். ஆகாயத்தைக் குறிக்கும் ‘ஸ்கை’, முட்டையைக் குறிக்கும் ‘எக்’, ஜன்னலைக் குறிக்கும் ‘விண்டோ’ எல்லாம் அவர்கள் வழி வந்தவைதான். அந்தக் கூட்டத்தில் பேங்கும் ஒன்று. சுமார் 1200 வாக்கில் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. டேனிஷ் மொழியில் இன்றும் ‘பக்க’ என்றால் குன்று, அதே வேர்தான்.

அப்போ பணம் வைக்கிற பேங்க் எங்கிருந்து வந்தது?

இத்தாலியிலிருந்து. ரோமப் பேரரசு சரிந்தபின் ஜெர்மானியக் குழுக்கள் இத்தாலிக்குள் வந்து குடியமர்ந்தன. 568இல் நுழைந்த லொம்பார்டுகளை எல்லாரும் அறிவார்கள். இப்படிக் குடியேறியவர்களோடு பெஞ்சு என்ற பொருள் கொண்ட சொல்லும் உள்ளே போய், இத்தாலிய நாக்கில் ‘பாங்கா’, ‘பாங்கோ’ என்று ஆனது. சந்தையில் நாணயம் மாற்றித் தருகிறவர் ஒரு பெஞ்சைப் போட்டு அதன்மேல் காசைப் பரப்பி உட்கார்ந்திருப்பார். ‘பெஞ்சுக்குப் போய்வருகிறேன்’ என்றால் அவரிடம் போவது என்று அர்த்தம். கடைசியில் பெஞ்சே தொழிலின் பெயராகிவிட்டது.

இடைக்காலத்தின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் பண வியாபாரத்தில் இத்தாலியர்கள் கை ஓங்கியிருந்தது. ஃபிளாரன்சின் மெடிசி குடும்பத்து வங்கி 1397இல் தொடங்கியது. சியன்னா நகரத்தின் மோன்டே தேய் பாஸ்கி 1472இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. இந்த வடஇத்தாலிய வியாபாரிகள் லண்டனிலும் கடை விரித்தார்கள், அவர்கள் பெயரில் அங்கே லொம்பார்ட் தெரு இருக்கிறது. சொல்லும் அவர்களோடு பிரெஞ்சு வழியாகப் பயணம் செய்து 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் ஏறியது. இங்கிலாந்துக்கென்று பேங்க் ஆஃப் இங்கிலாந்து வந்தது 1694இல்.

பெஞ்சு, பேங்க், ரெண்டும் கேட்க நெருக்கமாக இருக்கிறதே, தற்செயலா?

தற்செயல் இல்லை, உடன்பிறப்பு. பெஞ்சு என்பது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், பாட்டி வீட்டிலேயே வளர்ந்தது. பேங்க் வைக்கிங் வீட்டில் வளர்ந்து திரும்பி வந்தது. ஆங்கிலத்தில் இப்படிப் பிரிந்து சேர்ந்த ஜோடிகள் இன்னும் உண்டு. ‘ஷர்ட்’, ‘ஸ்கர்ட்’ இரண்டும் ஒரே வேர். முன்னது உள்ளூர், பின்னது வைக்கிங். ஒன்று மேலுக்கும் ஒன்று கீழுக்கும் ஆகிவிட்டது.

நீதிமன்றத்தில் ‘பெஞ்ச்’ என்கிறார்களே, அங்கேயும் நீதிபதிகள் அமர்ந்த பலகைதான் நீதிபதிகளின் குழுவுக்குப் பெயராயிற்று. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் எல்லா நீதிபதிகளும் சேர்ந்து விசாரித்தால் ‘ஆன் பாங்க்’ என்று பிரெஞ்சில் சொல்வார்கள். அதில் வரும் ‘பாங்க்’ நம் கதாநாயகன்தான். தமிழில் இதற்கு ‘அமர்வு’ என்று பெயர் வைத்தவர் யாரோ தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, உட்காருகிற விஷயத்தைக் கச்சிதமாகப் பிடித்துவிட்டார்.

ஒரு மரப்பலகையின் பெயர் போய் இவ்வளவு பெரிய நிறுவனத்துக்குப் பெயராகுமா? நம்பும்படி இல்லையே.

ஆகும். கிரேக்க மொழியில் ‘திராபெசா’ என்றால் மேசை. இன்றைய கிரீஸில் வங்கிப் பலகைகளில் எழுதியிருப்பதும் ‘திராபெசா’தான். இத்தாலியர்கள் பெஞ்சைப் பிடித்தார்கள், கிரேக்கர்கள் மேசையைப் பிடித்தார்கள், காட்சி ஒன்றுதான். கணக்கில் வரும் டிரெபீசியம் என்ற வடிவத்துக்கும் ‘குட்டி மேசை’ என்பதுதான் மூலப்பொருள். இதைச் சொன்னால் கணக்குப் படிக்கிறவர்கள் மட்டும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இங்கிலாந்தில் கருவூலத்துக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர். நார்மன் அரசர்கள் காலத்தில் வரிக்கணக்கைச் சதுரங்கக் கட்டம் போட்ட துணி விரித்த மேசையில் காய் நகர்த்திக் கூட்டிக் கழித்தார்கள். சதுரங்கப் பலகைக்கான பிரெஞ்சுச் சொல் அப்படியே துறையின் பெயர் ஆனது. காசோலைக்கு ‘செக்’ என்பதும் சதுரங்கத்தில் ‘செக்’ வைப்பதும் ஒரே வேர்தான். இயக்குநர் குழுவை ‘போர்டு’ என்கிறோம், அது மேசைப்பலகை. கத்தீட்ரல் என்றால் ஆயரின் நாற்காலி இருக்கும் கோயில். நம்மிடமும் இல்லாமல் இல்லை. பழந்தமிழில் அரியணைக்கு அரசுகட்டில் என்று பெயர். கட்டிலேறினான் என்றால் தூங்கப் போனான் என்று அர்த்தமில்லை, ஆட்சிக்கு வந்தான் என்று அர்த்தம்.

மற்ற மொழிக்காரர்களுக்கும் இதே குழப்பம் உண்டா?

ஸ்பானியர்களுக்கு உண்டு. அவர்களுக்கு ‘பாங்கோ’ என்றால் பூங்காவில் உட்காரும் பெஞ்சும், பணம் போடும் வங்கியும். ஜெர்மானியர்களுக்கு ஒருமையில் குழப்பம், பன்மையில் தெளிவு. ‘பாங்க்’ என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், ஆனால் பல பெஞ்சுகள் ‘பெங்க’, பல வங்கிகள் ‘பாங்கென்’. எனக்கு மிகவும் பிடித்த இலக்கணச் சாமர்த்தியங்களில் இது ஒன்று.

பிரெஞ்சுக்காரர்கள் எழுத்திலேயே பிரித்துவிட்டார்கள், பெஞ்சுக்கு ஓர் எழுத்துக்கூட்டு, வங்கிக்கு இன்னொன்று. பெஞ்சுக்கான சொல்லையே மணல்திட்டுக்கும் வைத்துக்கொள்வார்கள், மீன் கூட்டத்துக்கும் வைத்துக்கொள்வார்கள். ஆற்றங்கரைக்கு மட்டும் ‘ரீவ்’ என்று லத்தீன் வழிச் சொல் இருக்கிறது. ஆகவே கரையா வங்கியா என்ற குழப்பம் முக்கியமாக ஆங்கிலத்தின் சொத்து.

அகராதியில் மூன்றாவது பேங்க் என்றீர்களே, சுவிட்ச் வரிசை, அது எங்கிருந்து?

அதுவும் பெஞ்சுதான், ஆனால் கப்பலில் போட்ட பெஞ்சு. துடுப்பு வலிக்கிறவர்கள் வரிசையாக உட்காரும் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் இந்தப் பெயர். பலகை என்ற பொருளிலிருந்து அதில் இருப்பவர்களின் வரிசை, பிறகு துடுப்புகளின் வரிசை, பிறகு ஆர்கன் வாத்தியத்தின் கட்டைகள், அப்புறம் மின்சாரம் வந்தபின் சுவிட்சு, விளக்கு, லிஃப்டு என்று போய்க்கொண்டே இருந்தது. மொழிபெயர்க்கும்போது ‘வரிசை’ அல்லது ‘தொகுதி’ போதும்.

திவாலானவரின் பெஞ்சை உடைத்துப் போடுவார்களாம், அதனால்தான் ‘பேங்க்ரப்ட்’ என்கிறார்களாம். உண்மையா?

பாதி உண்மை. சொல் இத்தாலிய ‘பாங்கா ரொத்தா’விலிருந்து வந்தது. அதன் நேர்ப்பொருள் உடைந்த பெஞ்சு, இதில் சந்தேகமில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, படித்தவர்கள் பின்பாதியை லத்தீன் மாதிரி திருத்தி ‘ரப்ட்’ என்று எழுதினார்கள். எரிமலை வெடிப்பதில் வரும் ‘இரப்ஷன்’, குறுக்கிடுவதில் வரும் ‘இன்டரப்ட்’, இவற்றில் இருக்கும் உடைப்பும் இதே உடைப்புதான்.

ஆனால் காவலர்கள் கோடாலியோடு வந்து சந்தை நடுவே பெஞ்சைப் பிளந்தார்கள் என்ற காட்சி தேவையே இல்லை. நாமும் தொழில் ‘படுத்துவிட்டது’, கம்பெனி ‘மூழ்கிவிட்டது’ என்கிறோம். யாரும் பாய் விரிக்கவில்லை, தண்ணீரும் இல்லை. உடைந்த பெஞ்சு என்பதையும் உருவகமாக எடுத்துக்கொண்டாலே சொல்லுக்குப் போதிய விளக்கம் கிடைத்துவிடும். சொல்வரலாற்றில் ஒரு கதை எவ்வளவு சினிமாத்தனமாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுவது என் பழக்கம்.

‘பிரேக் தி பேங்க்’ என்றாலும் திவால்தானா?

இல்லை, இது சூதாட்ட மேசைச் சொல். அங்கே பேங்க் என்றால் ஆட்டம் நடத்துகிறவர் மேசையில் வைத்திருக்கும் கையிருப்பு. ஆட வந்தவர் அவ்வளவையும் ஜெயித்துவிட்டால் பேங்கை உடைத்துவிட்டார் என்பார்கள். மோன்டே கார்லோ சூதாட்ட விடுதியில் அப்படி நடந்தால் மேசையைக் கறுப்புத் துணியால் மூடி, புதுப் பணம் வரும்வரை ஆட்டத்தை நிறுத்தி வைப்பார்களாம். இன்றைய பேச்சில் ‘கட்டுக்கு மேல் செலவாகும்’ என்ற பொருளில், பெரும்பாலும் எதிர்மறையாக வரும்: இந்தப் பயணம் பேங்கை உடைக்காது, அதாவது கையைக் கடிக்காது. தமிழில் கடி, ஆங்கிலத்தில் உடை.

விருந்துக்குச் சொல்லும் ‘பாங்க்வெட்’ இந்தக் குடும்பமா? பெயர் ஒட்டுகிறதே.

ஆமாம். குட்டி பெஞ்சு என்று பொருள்படும் சொல். தடபுடல் விருந்துக்கு இவ்வளவு எளிமையான தொடக்கம்.

இதைவிட ரசமான உறவுக்காரர் ‘மவுன்டிபேங்க்’. இத்தாலியச் சந்தைகளில் பெஞ்சின்மேல் ஏறி நின்று சர்வரோக நிவாரணி விற்பவர்களை ‘பெஞ்சில் ஏறுகிறவன்’ என்று அழைத்தார்கள். ஆங்கிலத்துக்கு வந்து போலி வைத்தியர், ஏமாற்றுக்காரர் என்று நிலைத்துவிட்டது. அதே சந்தை, அதே பெஞ்சு. ஒருவர் அதன்மேல் காசை வைத்தார், கௌரவமான தொழில் ஆயிற்று. இன்னொருவர் அதன்மேல் தானே ஏறினார், வசைச்சொல் ஆகிவிட்டது.

விமானம் ‘பேங்க் ஆகிறது’ என்கிறார்களே, அதில் எந்தப் பேங்க்?

மேட்டு பேங்க். கரை என்றால் சரிவு, சரிவிலிருந்து சாய்தல். விமானம் திரும்பும்போது ஒரு இறக்கை தாழ்ந்து மற்றது உயரும். இறக்கைகளின் ஏற்றுவிசை அப்போது நேர் மேலே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இழுக்கும், அந்த இழுப்புதான் விமானத்தை வளைய வைக்கிறது. பயணிகள் விமானங்கள் சாதாரணமாக 30 பாகைக்கு மேல் சாய்வதில்லை. சைக்கிள் பந்தயத் தடங்களின் வளைவுகளில் தரையே சாய்வாக இருக்கும், அதையும் பேங்க் என்பார்கள். ஒலிம்பிக் தடங்களில் அது 40 பாகையைத் தாண்டும்.

நெருப்பைப் பேங்க் செய்வதும் இதே கிளை. கனலைக் குவித்து மேலே சாம்பலை மேடாக மூடிவிட்டால் விடியும்வரை அணையாமல் கிடக்கும். ஆனால் ‘உன்னைத்தான் பேங்க் செய்திருக்கிறேன்’ என்ற பாணியில் ஒருவரை நம்பியிருப்பது பணக் கிளை: வங்கியில் போட்டது பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை. வினைச்சொல்லில் இரண்டு கிளையும் கலந்து கிடப்பதால் இங்கேதான் அதிகம் வழுக்கும்.

ரயில் எஞ்சினில் ‘பேங்கர்’ என்று ஒன்று இருக்கிறதாமே? அதற்கும் கடன் கொடுப்பாரா?

தள்ளிவிடும், கடன் கொடுக்காது. பிரிட்டிஷ் ரயில்காரர்களின் பேச்சில் பேங்க் என்றால் ஏற்றம். செங்குத்தான ஏற்றத்தில் ரயிலின் பின்னால் நின்று முட்டுக்கொடுத்துத் தள்ளும் கூடுதல் எஞ்சின்தான் பேங்கர். இங்கிலாந்தில் பிரோம்ஸ்குரோவ் அருகே இருக்கும் லிக்கி ஏற்றம் இதற்குப் பேர்போனது. அங்கே ஏறக்குறைய 38 அடி நகர்ந்தால் 1 அடி உயரவேண்டும், எஞ்சினுக்கு அது மலை.

இதற்குள் இன்னும் இரண்டு பேங்கர்கள். கல் கொத்துகிறவர் கல்லை வைத்து வேலை செய்யும் மேடைக்குப் பேங்கர் என்று பெயர், அது பெஞ்சுக் கிளை. மூன்றாவது பேங்கர் மீன்பிடிக் கப்பல், அதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கடலுக்கு நடுவில் எப்படிக் கரை இருக்கும்? வரைபடத்தில் ‘டாகர் பேங்க்’ என்று போட்டிருக்கிறதே.

அது கரை இல்லை, கடலடி மேடு. மொழிபெயர்த்தவர் ‘டாகர் கரை’ என்று எழுதியிருந்தால் அழித்துவிட்டு ‘டாகர் திட்டு’ என்று எழுதுங்கள். மீனவர் பேச்சில் இதற்கு ‘பார்’ என்று அருமையான சொல் இருக்கிறது, முத்துச்சிப்பி விளையும் இடத்தை முத்துப்பார் என்பார்களே, அது. இரண்டாவது கேள்வியில் பார்த்த இரண்டு ‘பார்’களோடு இது மூன்றாவது.

டாகர் பேங்க் வடகடலின் நடுவே இருக்கிறது. பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது அது நிலமாகவே இருந்தது, பிரிட்டனிலிருந்து நடந்தே போயிருக்கலாம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இருக்கும் கிராண்ட் பேங்க்ஸ் இன்னும் புகழ்பெற்றது. பல நூற்றாண்டுகள் காட் மீனை அள்ளிக் கொடுத்து, மீன்வளம் வற்றிப்போய் 1992இல் கனடா அரசு பிடிப்பதையே நிறுத்திவைத்தது. அங்கே போய் மீன் பிடித்த கப்பல்கள்தான் பேங்கர்கள். குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டமும் வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டமும் அந்தப் பக்கத்தில் சந்திப்பதால் மூடுபனிக்குக் குறைவே இல்லை. ஆக, பேங்கின் மேல் பேங்கர் நிற்க, எதிரே பேங்க் எழும்பி வரும். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டு ஒரு மாணவரை ஒருமுறை அழவைத்திருக்கிறேன்.

நதிக்கு இடது கரை, வலது கரை என்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்பி நின்று சொல்வது?

தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் இடது கரை. நீங்கள் எந்தக் கரையில் நின்றாலும் இது மாறாது.

‘வெஸ்ட் பேங்க்’ என்பது ஒரு வங்கியின் பெயர் என்று நினைத்திருந்தேன், சிரிக்காதீர்கள்.

சிரிக்கவில்லை. செய்தித் தலைப்பில் ‘மேற்கு வங்கி’ என்று எழுதிக் கொண்டுவந்தவர்களையே பார்த்திருக்கிறேன். ஜோர்டான் ஆற்றின் மேற்குக் கரை என்பதுதான் பொருள். ஆற்றின் கிழக்கே இருக்கும் ஜோர்டான் நாடு 1948 போரில் பிடித்த இந்தப் பகுதியை 1950இல் தன்னோடு இணைத்துக்கொண்டது. கிழக்குப் பக்கத்திலிருந்து பார்த்து வைத்த பெயர் அது. அரபியிலும் மேற்குக் கரை என்றே சொல்கிறார்கள். பரப்பு சுமார் 5,600 சதுர கிலோமீட்டர். கரை என்றதும் மனத்தில் வரும் ஒற்றையடிப் பாதை இல்லை.

லண்டனில் இன்னொரு பொறி இருக்கிறது. ‘பேங்க்சைடு’ தேம்ஸ் நதியின் தென்கரைப் பகுதி, ஆனால் ‘பேங்க்’ என்ற சுரங்க ரயில் நிலையம் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் பெயரால் அமைந்தது. நடுவில் நதி ஒன்றுதான். நடந்தே கடக்கலாம், அர்த்தம்தான் மாறிவிடும்.

ரத்தம், கண், விதை, எல்லாவற்றுக்கும் வங்கி என்று பெயர் வைப்பது வெறும் அலங்காரமா?

ரத்த வங்கியைப் பொறுத்தவரை இல்லை. 1937இல் சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் இந்தப் பெயரில் ஒன்றைத் தொடங்கிய மருத்துவர் பெர்னார்ட் ஃபான்டஸ் யோசித்தே வைத்தார். போட்டால்தான் எடுக்க முடியும், உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாக இருக்கவேண்டும் என்பது அவர் விளக்கம். கண் வங்கி, விதை வங்கி, தரவு வங்கி எல்லாம் அந்தத் தடத்தில் வந்தவை. இவை எல்லாவற்றுக்கும் தமிழில் ‘வங்கி’ தாராளமாகப் பொருந்தும்.

‘பிக்கி பேங்க்’ உண்டியல் ஏன் பன்றி வடிவில் இருக்கிறது? ‘பிக்’ என்று ஒரு களிமண் இருந்ததாமே?

இதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஆரஞ்சு நிறக் களிமண்ணுக்கு அப்படிப் பெயர் இருந்தது, அதில் செய்த உண்டியலைக் குயவர் தவறுதலாகப் பன்றி என்று கேட்டுச் செய்துவிட்டார் என்று ஒரு கதை. களிமண்ணுக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஸ்காட்லாந்துப் பேச்சில் மண்பானைக்கு ‘பிக்’ என்று பெயர் இருந்தது உண்மை, அந்த அளவில் விட்டுவிடலாம்.

பன்றி உண்டியலுக்கு ஆங்கிலம் தேவையே இல்லை என்பதற்கு ஜாவா சாட்சி. மஜாபாகித் அரசு காலத்து, அதாவது 14, 15ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சுடுமண் பன்றி உண்டியல்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. ஜாவா மொழியில் காட்டுப்பன்றி ‘செலெங்’, உண்டியல் ‘செலெங்கான்’.

‘பேங்க் ஹாலிடே’ என்றால் வங்கிக்கு மட்டும் விடுமுறையா?

தொடங்கியது அப்படி. வங்கியாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் லுப்பாக் கொண்டுவந்த 1871ஆம் ஆண்டுச் சட்டம் சில நாட்களில் வங்கிகளை மூடவைத்தது. வங்கி மூடினால் பண ஓலைகள் நகராது, வியாபாரம் படுக்கும், ஆகவே மற்றவர்களும் மூடினார்கள். இப்போது பிரிட்டனில் அது பொது விடுமுறை. அப்படியே மொழிபெயர்க்கவும்.

வங்கி என்பது தூய தமிழா? வங்கம் என்றால் கப்பல்தானே, வணிகம், வங்கி...

கோத்துப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு வளைத்துச் செய்தது. கையில் அணியும் வங்கி என்ற நகை தமிழில் முன்பே உண்டு, அதற்கும் பணத்துக்கும் உறவு இல்லை (அடகு வைத்தால் தவிர). முந்தைய தலைமுறை ‘பாங்கி’ என்று எழுதியது. அகப்பாடல்களில் பாங்கி என்றால் தலைவியின் தோழி. ‘பாங்கியிடம் சென்றான்’ என்று படித்துவிட்டுக் கடன் வாங்கப் போனானோ தூது விடப் போனானோ என்று திகைக்க வேண்டியிருந்தது. தனித்தமிழ் வேண்டுமென்றால் ‘வைப்பகம்’ இருக்கிறது, நல்ல சொல், வழக்கில் அவ்வளவாக ஏறவில்லை.

மொழிபெயர்ப்பு மென்பொருள் இதை இன்னும் தப்பாகச் செய்கிறதா?

இப்போது குறைவு. பழைய மென்பொருள்கள் சொல்லைத் தனியாகப் பார்த்தன, இப்போதையவை பக்கத்துச் சொற்களையும் சேர்த்துப் பார்க்கின்றன. ‘மீன்’, ‘தூண்டில்’ அருகில் இருந்தால் கரை என்று பிடித்துவிடும். ‘அவள் பேங்க் வரை நடந்தாள்’ என்று மொட்டையாக ஒரு வரி இருந்தால் அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. முன்பத்தியைப் படிக்க வேண்டியதுதான்.

விமானம், கடல், ரயில், இந்த மூன்று துறைகளில் மட்டும் நான் இன்னும் மென்பொருளை நம்புவதில்லை. ‘விமானி இடதுபுறம் வங்கி செய்தார்’ என்று வந்த பக்கத்தைத் திருத்தியிருக்கிறேன்.

‘பேங்க்ஸ்’ என்று குடும்பப் பெயர் வைத்திருப்பவர்களின் முன்னோர் வங்கிக்காரர்களா?

பெரும்பாலும் இல்லை. மேட்டிலோ சரிவிலோ ஆற்றோரமோ குடியிருந்தவர்கள். நம் ‘மேட்டுத்தெரு வீட்டுக்காரர்’ மாதிரி. கேப்டன் குக்கோடு கடற்பயணம் போன தாவரவியலாளர் ஜோசஃப் பேங்க்ஸ் இந்தப் பெயர்க்காரர். ஆஸ்திரேலியாவில் தூரிகை மாதிரி பூக்கும் ‘பேங்க்சியா’ செடிக்கு அவர் பெயரை 1782இல் இளைய லின்னேயஸ் வைத்தார். செடி விற்கிற இடத்தில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு ‘பணம் காய்க்குமா’ என்று கேட்டவருக்கும் பதில் இதுதான்: காய்க்காது, அது மேட்டு பேங்க்.